செனிசோவின் வாரிசு

"இதான் கடைசி விந்துக் குச்சி, தோன்யா எர்மீனியா. இதுலயும் சினை நிக்கலைன்னா செனிசோவோட கதை முடிஞ்சுது."

சொல்லிக்கொண்டே எவெலியோ நைட்ரஜன் கேனின் மூடியைத் திறந்தான். வெள்ளைப் புகை வழிந்து தொழுவத்துச் சேற்றின் மேல் பரவியது. மாடுகளுக்குச் சினை ஊசி போடும் வேலையாக அவன் சோன்தாலெஸ் மலைப்பக்கம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இந்தப் பசுவுக்கு மட்டும் மூன்று முறை போட்டுவிட்டான். மூன்றும் வீண்.

"போன மாசம் கர்ப்பப்பையைக் கழுவி மருந்து விட்டதுல சீழ் நின்னுருச்சு. நேத்து சாயங்காலம் பசு பருவத்துக்கு வந்தப்ப வழும்பு எப்படி இருந்துச்சு?"

"கண்ணாடி மாதிரி. விடிய விடியக் கத்துனா."

"நீங்களும் தூங்கலையாக்கும்?"

"தூங்கி ஒன்பது வருஷமாச்சு தம்பி."

ஊரே மரியாதையாக 'தோன்யா' என்று அழைக்கும் அறுபது வயது விதவை அவள். ரப்பர் பூட்ஸ் சேற்றில் புதைய மண்டியிட்டு, கேனின் வாய்க்கருகே குனிந்தாள். தீவனத்துக்கு மாட்டை அழைக்கும் குரலில், "செனிசோ... வா, வாடா," என்றாள்.

எவெலியோ அவள் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான்.

"முகத்தை எடுங்க! பட்டா வெந்துரும். செத்து ஒன்பது வருஷம் ஆன காளைக்குக் காது கேக்குமா?"

"செத்துட்டான்னு யார் சொன்னது? இதுக்குள்ள உசுரோட இருக்கான்னு நீதானே சொன்னே?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. குச்சியை இடுக்கியால் எடுத்து உறைந்தது இளக வெந்நீர்ப் பிளாஸ்கில் போட்டான். நொடிகளை அவள் வாய்விட்டு எண்ணினாள். எண்ணிக்கை முடியும்வரை கண்ணைச் சிமிட்டவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வளர்த்து, விந்து எடுத்து உறைய வச்ச காளைதானே? அவரும் அதே வருஷம்தான் போனாராமே?"

"அதே நாள்."

"அடடா! எசமான் போன துக்கம் அதுக்கும் தாங்கலை போல."

அவள் பசுவின் வாலை விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எவெலியோ நீள உறையை மாட்டிக் கையை உள்ளே விட்டான். கருப்பையின் வாய் விரலுக்கு அகப்பட்டது. இந்த முறை நன்றாக, மென்மையாக இருந்தது. குச்சி மாட்டிய ஊசிக்குழலால் நிதானமாக விந்தைச் செலுத்திவிட்டுக் கையை உருவினான்.

"போட்டாச்சு. இந்தத் தடவை நிக்கும்னு என் கை சொல்லுது."

"அதே சாம்பல் நிறமா இருக்குமா?"

"இருக்கலாம்."

"அந்தக் கொம்பு? அந்தக் கோபம்?"

"கோபம் எதுக்கு உங்களுக்கு, இந்த வயசுல? கொம்பு முளைக்கிறப்பவே தீய்ச்சு விட்டுரலாம்."

"கொம்பைத் தொடக்கூடாது!"

பசு திடுக்கிட்டுக் கால் மாற்றியது. எவெலியோவும்தான்.

"சரி, சரி. ஒருவேளை கிடாரியாப் பொறந்தா?"

"அது வளர்ந்து ஒரு காளையை ஈனட்டும். காத்திருப்பேன்."

எவெலியோ உறையைக் கழற்றி வாளியில் எறிந்தான். "உங்களை மாதிரி பாசக்காரங்களை நான் பார்த்ததே இல்லை தோன்யா. நான் செத்தா என் பொண்டாட்டி என் நாய்க்குட்டியைக்கூட வச்சுக்க மாட்டா."

ஒன்றரை வருடத்தில் முதன்முறையாக அவள் சிரித்ததைப் பார்த்தான்.

"செனிசோதான் என் வீட்டுக்காரரைக் குத்திக் கொன்னான், தம்பி," என்றாள், பசுவின் வயிற்றை மெல்லத் தடவியபடி. "நான் சந்தையிலேருந்து வர்றதுக்குள்ள ஊர்க்காரங்க அவசரப்பட்டு அவனைச் சுட்டுட்டாங்க, எனக்குன்னு மிச்சமே வைக்கலை. இது சாகப்போறது என் கையாலதான்."