மேயருக்குப் பசி

பக்கத்து வீட்டுத் தக்காளிச் செடியில் எதையோ ஒட்டிக்கொண்டிருந்த டாரல், வேலியோரம் கையும் புழுவுமாகப் பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்டான்.

"என்ன பண்ற?"

"மெதுவா பேசு ரெனே."

அவன் உள்ளங்கையில் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு நெளிந்தது. வாலில் ஒரு கொம்பு.

"இது மிஸ் லொரெட்டா காலையில கொண்டுவந்து குடுத்த புழு இல்ல? நம்ம மேயருக்குன்னு?"

மேயர் என்பது அவர்கள் வளர்க்கும் பச்சோந்தி. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பார்க்கும் என்பதால் அந்தப் பெயர்.

"ஆமா."

"அதைத் திருப்பி அவங்க செடியிலயே விடுறியா? காலையில அவங்க பொறுக்கறாங்க, சாயங்காலம் நீ ஒட்டுற. செடியெல்லாம் குச்சி குச்சியா நிக்குதே, அது உன் வேலைதானா? நீயெல்லாம் மனுஷனா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? தக்காளி இலை தின்ன புழு பச்சோந்திக்கு விஷம். ஒண்ணைத் தின்னாலும் மேயர் காலி. இலை ருசி கண்ட இதுங்க நான் கிளறுற மாவைத் தொடாது, தக்காளி இலைதான் வேணும். தெருவுல வேற யார் வீட்டுலயும் தக்காளி இல்ல."

"நசுக்கிப் போட வேண்டியதுதானே."

டாரலின் முகம் சுண்டிப்போனது. சமையலறை அலமாரியில் டப்பா டப்பாவாக இதே சாதிப் புழுக்களை முட்டையிலிருந்து வளர்க்கிறவன் அவன். இலைக்குப் பதில் அவற்றுக்குத் தனியாக மாவு கிளறுவான்; அதைத் தின்று அவை விஷமில்லாமல் நீலமாக வளரும். மாவு கிளறும் நாளில் இவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு கடை பீட்சாதான்.

"தினமும் மேயருக்கு நாலு புழு போடுறவனுக்கு வந்த இரக்கத்தைப் பாரு" என்றாள் ரெனே.

"அது சாப்பாடு. இது கொலை."

"அப்ப உண்மையைச் சொல்லிடு."

"ஸ்கூல் பஸ் ஓட்டுறதை விட்டதுலேர்ந்து அவங்க சிரிக்கறதே அந்த ஜாடியோட நம்ம படி ஏறும்போதுதான். எந்த வாயால சொல்றது?"

"ஒருத்தங்க தோட்டத்தையும் அழிச்சுட்டு, அவங்ககிட்டயே நன்றின்னு பல்லைக் காட்டுவியா? நாளைக்குக் காலையில நீ சொல்ற. இல்லேன்னா நான் சொல்றேன்."

மறுநாள் காலை, மிசூரி வெயிலில் முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு, ஜாடியோடு வந்து நின்றாள் லொரெட்டா.

"டாரல், இந்தத் தடியனைப் பாரேன். இவனை நேத்தும் பிடிச்ச மாதிரியே இருக்கு."

"எல்லாம் ஒரே ஜாடைதான் மிஸ் லொரெட்டா."

"இன்னிக்கு நானே ஊட்டறேன். அது நாக்கை நீட்டறதை ஒரு தடவையாவது பார்க்கணும்."

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்க் கூண்டைத் திறந்தும் விட்டாள். விரலிடுக்கில் புழு ஆடியது. மேயர் ஒரு கண்ணைப் புழுவின் மேலும் மறு கண்ணை டாரலின் மேலும் வைத்தபடி மெல்ல வாயைத் திறந்தது.

"கையால கூடாது" என்று பாய்ந்தான் டாரல். "இடுக்கியில பிடிக்கணும். குடுங்க, மாட்டித் தர்றேன்."

அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, தன் டப்பாவிலிருந்து ஒன்றை இடுக்கியில் மாட்டினான். அவள் கொண்டுவந்த புழுவைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"பச்சையாத்தானே குடுத்தேன்? இது நீலமா இருக்கு?"

"மேயரைப் பார்த்து அதுவும் நிறம் மாறக் கத்துக்கிச்சு."

ரெனே கூரையைப் பார்த்தாள்.

சட்டென்று மேயரின் நாக்கு அதன் உடம்பைவிட நீளமாகப் பாய்ந்தது. இடுக்கி காலி. லொரெட்டா "ஐயோ" என்று தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டு ரெனேயும் சுவரில் சாய்ந்து சிரித்தாள். டாரலால் மட்டும் முடியவில்லை. கைக்குள் இருந்த புழு சட்டைக்குள் ஏறத் தொடங்கியிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் ரெனே அவனை இடித்தாள். "சொல்லு."

"மிஸ் லொரெட்டா, உங்க செடியைப் பத்தி... இந்த வருஷம் உங்களுக்கு ஒரு தக்காளிகூட..."

"தக்காளியா? யாருக்கு வேணும் அது? ஒரு துண்டு உள்ள போனா எனக்கு உதடு வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். இலை பட்டாலே அரிக்குது, அதான் இந்தக் கையுறை."

"அப்புறம் எதுக்கு நட்டீங்க?"

"போன கோடையில தபால்ல வந்த புழுவெல்லாம் வெயில்ல வெந்து செத்துப்போச்சுன்னு, பெட்டியும் கையுமா வாசல்ல நின்னு அழுதியே. மேயர் பட்டினின்னு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தக்காளி வச்சா இந்தப் புழு தானா வரும்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் இன்னொரு வரிசை போடப்போறேன். சரி, என்னமோ சொல்ல வந்தியே?"

புழு டாரலின் அக்குளை எட்டியிருந்தது. அவன் வாயைத் திறந்தான். ரெனே அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஒண்ணுமில்ல மிஸ் லொரெட்டா. ஒரு வரிசை பத்தாதுன்னு சொல்ல வந்தான். மேயருக்கு இப்பல்லாம் பசி ஜாஸ்தி."

அன்று சாயங்காலம் வேலியோரம் இரண்டு பேர் குனிந்திருந்தார்கள். ஜாடியைப் பிடித்திருந்தவள் ரெனே.