முன்சீட்டு மொழிபெயர்ப்பு

“ஏனுங்க, இது தியேட்டரா, சந்தையா? கொஞ்சம் வாயை மூடறீங்களா?”

கோவிந்தராஜுலு முன்சீட்டுக்காரரின் தோளைத் தட்டிச் சொன்னார்.

முன்சீட்டில் ராசப்பனும் அவர் மனைவி பாவாத்தாளும். இரண்டு பேரும் சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் சொன்னாலே நாலு வரிசைக்குக் கேட்கும்.

ஓடியது இங்கிலீஷ் படம். ஒருத்தன் தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ளேயே போய்விடுகிறான். தொண்ணூற்றைந்தில் அந்த ஊரில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“உள்ளார மாட்டிக்கிட்டான் அம்மணி. அவன் சம்சாரம் இப்பத் தேடிட்டுப் போவா பாரு” என்று பாவாத்தாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ராசப்பனுக்குத் தோளில் தட்டு விழுந்தது.

“மன்னிச்சுக்குங்க சார். இவளுக்கு இங்கிலீசு தெரியாதுங்க” என்றார்.

“உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்! தப்புத் தப்பாச் சொல்லிக் கெடுக்கறீங்க.”

ராசப்பன் அத்தோடு கதை சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

கோவிந்தராஜுலுவின் மனைவி ரங்கநாயகி ஆசையாகத் திரும்பினாள். “அப்ப சரியான கதை என்னங்க?”

வந்தது வினை!

கோவிந்தராஜுலு ஹெட் கிளார்க். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இங்கிலீஷ் பேப்பர்தான். “நீ வா, வரிக்கு வரி நான் சொல்றேன்” என்று தெருவே கேட்கச் சொல்லித்தான் அவளை அழைத்து வந்திருந்தார். ஆனால் இந்த வெள்ளைக்காரர்கள் வாயில் வடையை வைத்துக்கொண்டு பேசினால் மனுஷன் என்னதான் செய்வார்?

“பாரு, தானாப் புரியும்.”

“அவன் ஏனுங்க ஓடறான்?”

“ஏதோ அவசரம்.”

“அந்தப் பொண்ணு நெசமாங்க, பொம்மைங்களா?”

“பொம்மை.”

அடுத்த சீனில் அந்தப் பொம்மை, பெட்டி மாட்டியவனை ஆஸ்பத்திரியில் கட்டிக்கொண்டு அழுதது. ரங்கநாயகி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷம் காப்பாற்றிய மானம் ஒரே படத்தில் போய்விடும்போல் இருந்தது அவருக்கு.

இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனவர், படம் ஆரம்பித்த பிறகுதான் உள்ளே வந்தார். சீக்கிரம் வந்தால் மறுபடி கேள்வி வருமே!

வந்து உட்கார்ந்தால், ராசப்பன் திரும்பவும் தொடங்கியிருந்தார். முன்னைவிட உரக்க. முகத்தைக்கூடக் கொஞ்சம் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு.

‘ரோஷமில்லாத ஆள்!’ என்று நினைத்தாலும் கோவிந்தராஜுலு இந்தத் தடவை தோளைத் தட்டவில்லை. காதைத் தீட்டிக்கொண்டார்.

“வெளிய வார வழி ஒண்ணுதான் அம்மணி. ஆராச்சும் ஒருத்தரு உள்ளயே தங்கோணும்.”

கோவிந்தராஜுலு மனைவி பக்கம் சாய்ந்தார். “அதாவது ரங்கா, ஒருத்தர்தான் வெளியே வரலாம். ரூல்ஸ் அப்படி.”

“ஓ! இப்பத்தானுங்க புரியுது.”

ராசப்பன் சொன்னது சரியா தப்பா என்பது தியேட்டரில் யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசி வரைக்கும் அவர் சொல்லச் சொல்ல, கோவிந்தராஜுலு அதையே கொஞ்சம் திருத்தமான தமிழில் மனைவிக்குச் சொல்லிவிட்டார்.

படம் விட்டது.

“நீங்க இல்லீன்னா எனக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காதுங்க” என்று சொல்லிவிட்டு ரங்கநாயகி பாவாத்தாளோடு முன்னால் நடந்தாள். கோவிந்தராஜுலுவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தத் தெம்பில் சைக்கிள் ஸ்டாண்டில் ராசப்பனைப் பிடித்தார்.

“ஏனுங்க, அத்தனை சொல்லியும் மறுபடி கத்தறீங்களே, கொஞ்சங்கூட ரோசமே இல்லீங்களா?”

ராசப்பன் தலையைச் சொறிந்தார்.

“நானாக் கத்தலீங்க சார். இடைவேளைல உங்க ஊட்டம்மாதான் வந்து, ‘எங்க ஊட்டுக்காரருக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்கண்ணா. பாவம், கேட்டுத் தெரிஞ்சுக்க வெக்கப்படறாரு’ன்னாங்க.”