கடலைப் பார்க்கப் பிடிக்கிறதா?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பிலோமிக்குப் பைபோலார் என்னும் இருமுனை மனநோய் இருப்பது, அவள் மனநிலையைக் கண்காணித்துப் பேசும் கைப்பட்டைக்குத் தெரியும். மனம் அளவுமீறி ஏறினாலும் இறங்கினாலும் அது கிரேனைப் பூட்டிவிடும். அன்று காலையும் பூட்டியது. "மனச்சோர்வு தொடங்குகிறது. வீட்டில் ஓய்வெடுங்கள்."

வீட்டில் அவள் கணவன் ரோச் போர்வையோடு வந்தான். "அதுதான் சொல்லுதுல்லா, பிலோமி. பேசாமப் படு."

"மனச்சோர்வு வந்தா எனக்குக் கடலைப் பார்க்கவே பிடிக்காதுங்க. இப்பப் பிடிக்குது. ஆனா கையத் தூக்க முடியல, குளிருது, காலர் பட்டன் கழுத்த இறுக்குது. இது மனசு இல்ல, உடம்பு."

"உனக்கு எல்லாமே மனசுலதான வரும்?"

"ஏன், பைபோலார்க்காரிக்கு உடம்பே கிடையாதா?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவளே போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். தைராய்டு சுரப்பு குறைந்து, கழுத்தில் சுரப்பி வீங்கியிருந்தது. மனசுக்கு அவள் சாப்பிடும் மாத்திரையால் இப்படி வருவதுண்டு என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பட்டையை வாயருகே கொண்டுபோனாள். "இனிமே என்னை வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, கடலைப் பார்க்கப் பிடிக்குதான்னு கேளு. பிடிக்குதுன்னா உடம்பப் பாருன்னு சொல்லு."

துறைமுக ஓட்டுநர்கள் கட்டியிருக்கும் பட்டைகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்பவை. உடம்பு தேறி அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, கிரேன் அடியில் அவளுக்கு முன்பின் தெரியாத ஓர் ஓட்டுநர் துவண்டுபோய் உட்கார்ந்திருந்தார். அவர் மணிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"கடலைப் பார்க்கப் பிடிக்கிறதா?"

"பிடிக்குது. உடம்புதான் முடியல."

"அப்படியானால் இது மனசு இல்லாமல் இருக்கலாம். முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்."

யார் சொல்லிக்கொடுத்தது என்று அது சொல்லவில்லை. பிலோமியும் சொல்லவில்லை. காலர் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நிமிர்ந்து ஏணியில் ஏறினாள். பட்டன் இறுக்கவில்லை.