பின் சீட்டு

"நீ சொன்ன மாதிரியே காரைப் பார்த்துட்டேன் டார்லீன். அந்தப் பொம்பளைக்கு வீடு கிடையாது. அவ்வளவுதான்."

ஹோட்டல் மேஜையில் பான்கேக் மீது சிரப்பை ஊற்றியபடியே வெர்னன் தீர்ப்புச் சொன்னார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருந்த சேமிப்பையெல்லாம் கொட்டி, அமெரிக்காவின் டொலீடோ நகரில் மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம் உள்ள வீடு ஒன்றை வாங்கியிருந்தார். மேலே அவர். கீழ்வீட்டு வாடகை ஒழுங்காக வந்தால்தான் வங்கித் தவணை கட்ட முடியும். தப்பான ஆளை உள்ளே விட்டால் வீடே கையை விட்டுப் போய்விடும்.

அதனால்தான் டார்லீனிடம் யோசனை கேட்டார். சொந்தமாகப் பதினோரு வீடு வைத்து வாடகைக்கு விடுகிறவள். 'கறார் டார்லீன்' என்றால் ஊருக்கே தெரியும்.

அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "வர்றவங்க பேச்சை நம்பாதீங்கண்ணே. வழியனுப்புற சாக்குல கார் வரைக்கும் கூடவே போங்க. பின் சீட்டை எட்டிப் பாருங்க. கார் எப்படியோ, ஆறு மாசத்துல உங்க வீடும் அப்படித்தான்."

வெர்னன் அப்படியே செய்திருந்தார்.

"ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தன் பேரு பிரெண்ட். கார் இப்பத்தான் ஷோரூம்லேர்ந்து எடுத்த மாதிரி இருக்கு. வேற மூணு வீடும் பார்த்து வெச்சிருக்கானாம். அவனுக்கே கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"இன்னொருத்தி?"

"ரொவீனா. ஆஸ்பத்திரியில வேலை. விசாரிச்சேன், சம்பளம் சரியா வருது. சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு. நல்லாத்தான் பேசினா. ஆனா அந்தக் கார் இருக்கே, அடேயப்பா! ஒரு குடும்பத்துச் சாமான் மொத்தமும் பின் சீட்டுல!"

டார்லீன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன சாமான்?"

"போர்வை, தலையணை, பாத்திரம்... என்னத்தச் சொல்ல!"

"போர்வையைச் சுருட்டிப் போட்டிருந்தாளா?"

வெர்னன் யோசித்தார். "இல்ல. மடிச்சு அடுக்கியிருந்தா."

"பாத்திரம்?"

"கழுவிக் கவுத்து, மேல துண்டு போட்டு மூடியிருந்துச்சு. பொண்ணோட கவுன் ஜன்னலோரமா ஹேங்கர்ல தொங்குச்சு. முன்னாடி டம்ளர் வைக்கிற இடத்துல ரெண்டு டூத் பிரஷ்..."

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இப்ப எங்க இருக்கேன்னு கேட்டீங்களா?"

"சிநேகிதி வீட்டுலன்னா."

"நம்பிட்டீங்களாக்கும்! காலம் பூரா கண்ணாடியில பின் சீட்டைப் பார்த்துப் பார்த்தே பஸ் ஓட்டின மனுஷன்!"

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெர்னன் பான்கேக் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இந்தக் குளிர்ல கார்லயா படுத்துக்கிறா? குழந்தையை வெச்சுக்கிட்டா?"

"காரையே வீடு மாதிரி வெச்சிருக்கிறவ, வீட்டை எப்படி வெச்சிருப்பா? யோசிங்க."

"நீதானே காரைப் பார்த்து ஆளைக் கழிக்கச் சொன்னே!"

"பார்க்கத்தான் சொன்னேன். கழிக்கச் சொன்னேனா?"

"வாடகை ஒழுங்கா வருமா டார்லீன்? என் நிலைமை உனக்குத் தெரியும்."

"அந்த பிரெண்ட் பார்த்து வெச்சதுல இன்னும் மூணு வீடு இருக்கு. அவளுக்கு இது ஒண்ணுதான். வேலையும் இருக்கு. கிடைச்ச வீட்டை விடமாட்டா, நீங்க பாருங்க."

வெர்னன் போனை எடுத்தார்.

"ரொவீனாவாம்மா? வீடு உனக்குத்தான். இன்னைக்கே வந்துடு. ஹீட்டரைப் போட்டு வெக்கிறேன்."

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. போனை வைத்தவர், காகிதக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கறார்னு பேரெடுத்தவ நீ. இந்தக் காரைப் பார்க்கிற வித்தையை யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?"

"எனக்கு முதமுதல்ல வாடகைக்கு வீடு கொடுத்தவர்." டார்லீன் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நானும் அவர்கிட்ட, சிநேகிதி வீட்டுல இருக்கேன்னுதான் சொன்னேன்."