சரிபாதி

மூன்று வருடங்களாகத் தமயந்தி ஒரே உப்பைக் கரைத்து, காய்ச்சி, படியவைத்துக்கொண்டிருந்தாள். டிஸ்புரோசியம் என்ற அரிய உலோகத்தை அதனுடன் ஒட்டிப் பிறந்த ஹோல்மியம் என்ற உலோகத்திடமிருந்து பிரிக்க வேண்டும். பிரிந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. “கலப்புதாம்மா இது. இன்னொரு வருஷம் தர முடியாது” என்றார் துறைத்தலைவர்.

அன்று காலை ஒரு சிட்டிகை உப்பை நியூட்ரான்களின் தாக்குதலில் வைத்து எடுத்தார்கள். சாதுவாகக் கிடந்த பொடி கதிர் வீசத் தொடங்கியது. சுத்தமான டிஸ்புரோசியம் என்றால் அந்த வீச்சு இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஹோல்மியம் கலந்திருந்தால் நாள் கணக்கில் இழுக்கும்.

பத்து மணிக்கு, கதிர்களை எண்ணும் கருவியைக் கவனித்த உதவியாளர் லூர்துசாமி, “நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு மேடம்” என்றார். பன்னிரண்டு இருபதுக்கு ஆயிரத்து இருநூற்று மூன்று.

“கொஞ்சம் கலந்திருந்தாலும் இனிமேதான் தெரியும்” என்றாள் தமயந்தி.

இரண்டு நாற்பதுக்குக் கருவிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“ஐநூத்தித் தொண்ணூத்தெட்டு!”

“இன்னொருக்கா சொல்லுங்க.”

அவர் மூன்று முறை சொன்னார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஐந்து மணிக்கு முந்நூறு. துறைத்தலைவர் வந்து, சீராகப் பாதியாவதை நேர்கோடாகக் காட்டும் மடக்கை வரைதாளில் அவள் குறித்திருந்த புள்ளிகள்மீது அடிக்கோலை வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட விலகவில்லை. “கட்டுரையை எழுதிடும்மா” என்றார்.

இனி எண்ண வேண்டியதில்லை. ஆனாலும் தமயந்தியும் லூர்துசாமியும் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுத்த பாதிக்காக உட்கார்ந்தார்கள்.