எந்த ஆப் சொல்வது நிஜம்?

கப்பல் வேலைக்குப் போன கணவன் முருகவேலுக்காக, அருணாதேவி தினமும் மூன்று வானிலை ஆப்களை ஒப்பிட்டுப் பார்ப்பாள். பௌர்ணமியன்று இரண்டு ஆப்கள் அரபிக்கடல் அமைதி என்றன. ஒன்று மட்டும் புயல் என்றது.

பயந்துபோய்க் கிரிவலம் கிளம்பிவிட்டாள். அடி அண்ணாமலையைத் தாண்டும்போது அவனே போனில் வந்தான்.

"எந்த ஆப்புங்க நிஜம்?"

"புயல்னு சொல்றதுதான் தேவி. இங்க அலை ரொம்ப ஜாஸ்தி. இந்த மாசமும் லீவு கிடைக்காது."

"அப்ப மத்த ரெண்டையும் அழிச்சிடறேங்க" என்றாள்.

அப்போது தெருவோர ஒலிபெருக்கி அலறியது: "கீழ்பென்னாத்தூர் பொன்னி, உங்க வீட்டுக்காரர் போலீஸ் பூத்துல காத்திருக்கார்!"

அதே குரல், அதே வார்த்தைகள், போனுக்குள்ளிருந்தும் கேட்டன.

அருணாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்திரமா அங்கயே நில்லுங்க. நானே வந்து உங்களக் கரை சேக்கறேன்."