சுண்ணாம்பு ரோஜா

தோண்டியெடுக்க வந்த வைரம் தீர்ந்ததும் ஜெர்மானியர்கள் அந்தப் பாலைவனத்து ஊரைப் பூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய நடன மண்டபத்தில் மணல் குடியேறியது. அவர்கள் இருந்த காலத்தில், காற்று கொண்டுவந்து போட்ட மணலைத் தினமும் கூட்டி வெளியே தள்ளியது தபிதாவின் குலத்துப் பெண்கள்தான். வாத்தியம் தொடங்குவதற்குள் அவர்கள் பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும்.

இப்போது அந்த வம்சத்தில் கல்யாணம் என்றால், மணப்பெண் மடிநிறைய மணலோடு ஜன்னல் வழியாக மண்டபத்துக்குள் நுழைவாள். உள்ளே குவிந்திருக்கும் மேட்டின்மேல் அதைக் கொட்டி, ஏறி நின்று, கூரையின் நடுவில் அலங்காரமாக வடித்திருக்கும் சுண்ணாம்பு ரோஜாவைத் தொடப் பார்ப்பாள். இதுவரை ஒருத்திக்கும் எட்டியதில்லை. தபிதாவின் அம்மா மார்த்தாவுக்கு ஒரு முழம் குறைந்தது.

இன்றைய மணப்பெண் தபிதாவுக்கு ஒரு விரற்கடைதான் குறைந்தது. எம்பிக் குதித்தாள்; கால்தான் புதைந்தது.

"வா, நான் தூக்குறேன்" என்றான் மாப்பிள்ளை பெட்ரஸ்.

"நீ தள்ளி நில்லு. மணல்தான் தூக்கணும்."

அவ்வளவுதான், வந்திருந்த கூட்டம் முழுக்க வெளியே ஓடியது. தொப்பியிலும் பாவாடையிலும் கேக் வந்த தட்டிலும் மணலை அள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதிரியார் அங்கியை ஏந்திக்கொண்டு வந்தார். அக்கார்டியன்காரர் வாசிப்பதை நிறுத்தவே இல்லை. கொட்டக் கொட்ட, தபிதா மிதித்து மிதித்து மேலே ஏறினாள்.

"போதும்மா, எட்டிடுச்சு!" அவள் விரல்நுனியெல்லாம் வெள்ளை.

"இருடி, தலை இடிக்கட்டும்" என்று மார்த்தா இன்னொரு மடி மணலைக் கொட்டினாள்.